தொடர் ஓட்டமா, முறைத் தண்ணீரா? கோதையாறு சானல்களுக்கு எது பொருந்தும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாறு சானல்களுக்கு (பாசனக் கால்வாய்களுக்கு) நீர் தரும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் நீர் நிறைவாக இருக்கும் ஜூன், ஜூலையில் தொடர் ஓட்டமே, அதாவது நிறுத்தாமல் நீர் விடுவதே, நல்லது. கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) நாற்றங்காலும் தொழி உழவும் (சேற்று உழவும்) பல பத்துகளில் (வயல் தொகுதிகளில்) ஒரே சமயம் நடக்கும். மடைதோறும் காவல் தேவையில்லை. ஆனால் தலைப்பக்க மடைகள் இரவிலும் திறந்தே கிடந்தால் கடைவரம்பு (சானலின் கடைசிப் பகுதி வயல்கள்) காயும். உபரி, வடிகாலில் வீணாகும்.

கும்பப்பூவின் (இரண்டாம் போக நெல்லின்) பிற்பகுதியில் அணை இறங்கியதும் முறைத் தண்ணீர்தான், அதாவது முறை வைத்து நீர் பாய்ச்சுவதுதான், வழி. இதற்குக் கூடிப் பேசி முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். வினாடிக்கு 1 கன அடி ஓட்டம் என்றால் மணிக்குச் சுமார் 1 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நிற்க 2 லட்சம் லிட்டர், அதாவது 2 மணி நேரம். நாளுக்கு 12 ஏக்கர். கசிவுக்குக் கால் பங்கு கழித்தால் 9. அந்த 9 ஏக்கரை வைத்தே முறை நாட்களைப் பிரியுங்கள்.

முறை பெரும்பாலும் கெடுவது ஓரிடத்தில்தான்: ஷட்டர் திறந்த நேரத்திலிருந்து மணி எண்ணுவது. காய்ந்த சானல் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். மண்ணும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் நீர் வந்து சேரும்போது கடைசி மடைக்காரரின் முறையே முடிந்திருக்கும். நீர் மடையைத் தொட்ட நேரத்திலிருந்தே எண்ண வேண்டும், கடைவரம்பிலிருந்தே முறையைத் தொடங்க வேண்டும். தூர் வாராமல் முறை வைப்பது கடைவரம்புக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

நெல்லில் கதிர் பொதியிலிருந்து (தண்டுக்குள் கதிர் திரளும் பருவத்திலிருந்து) பூக்கும் வரை வயல் காயக்கூடாது. அந்தப் பருவத்தில் இருக்கும் பத்துகளுக்கு இடைவெளியைக் குறையுங்கள். வாழைத் தோட்டங்கள் இரண்டு நாள் பொறுக்கும்.