மாதாமாதம் காப்பகத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இதைப் படியுங்கள்

கைவிடப்பட்ட பெண் குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்றுக்கு மூன்று வருஷம் மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். விசாரணை நடப்பதால் பெயரைச் சொல்லவில்லை. நான் ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு சிறுமியின் புகைப்படத்தை அனுப்பி, "பிறந்த அன்றே வீசிவிட்டுப் போன குழந்தை, யாருமே இல்லை, நீங்கள் ஸ்பான்சர் செய்யுங்கள்" என்றார்கள். கடிதங்கள் வந்தன. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன வருஷம் முன்கூட்டிச் சொல்லாமல் நேரில் போனேன். வாசலில் யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்துகூட வாங்கவில்லை. நல்ல மனிதர்கள் என்று அப்போது நினைத்தேன். ஆபத்திலிருந்து மீட்ட பெண் குழந்தைகள் இருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஆள் நேரே உள்ளே போக முடிகிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார்கள். நான் அனுப்பிய போர்வைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பூட்டிய கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தன.

புகைப்படத்தில் இருந்த சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பொறுப்பாளர் எழுந்து போனதும், "அக்கா, எங்கம்மா நம்பர் சொல்றேன், பேசறீங்களா?" என்று கேட்டு, மனப்பாடமாக வைத்திருந்த எண்ணை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

வெளியே வந்து அந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தது அவள் அம்மாதான். இலவசமாகப் படிக்க வைக்கிறோம், லீவுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிக் காப்பகத்துக்காரர்கள் அவளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு லீவுக்கும் அனுப்பவில்லை. "நீ வந்து பாத்தா புள்ள ஏங்கிப்போயிடும், படிப்பு கெட்டுடும்னு சொன்னாங்க" என்று அழுதார். நான் அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தாலே அவள் அம்மாவோடு இருந்து படித்திருப்பாள். அதற்குப் பதிலாக, அவளைப் பிரித்து வைப்பதற்கு மாதாமாதம் நான் பணம் கட்டியிருக்கிறேன். இதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். வறுமையை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெற்றோரிடம் வளராத குழந்தைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நீங்கள் பணம் கொடுக்கும் இடத்தில் முதலில், "போன வருஷம் எத்தனை பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் இதற்குப் பதில் இருக்கும். எனக்கு "இவங்களுக்கு ஏதுங்க குடும்பம்" என்றுதான் பதில் வந்தது. உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்காமல், அதைக் கொடுத்த அலுவலகத்தில் விசாரியுங்கள். நான் தணிக்கைக் கணக்கு கேட்ட அன்றிலிருந்து என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குழந்தையின் முகத்தையும் சோகக் கதையையும் சேர்த்து யார் அனுப்பினாலும் பணம் போடாதீர்கள். அந்தக் கதை உண்மையாகவே இருந்தாலும் அது அவளுடையது, ஊருக்குக் காட்ட அவர்களுக்கு உரிமை இல்லை.

குழந்தைகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். அவள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டேன். குழந்தையைப் பற்றிய விவரத்தை வெளியாட்களிடம் சொல்ல முடியாது என்றார்கள். சரிதான் என்று திரும்பி வந்தேன்.