கிரேட் யார்மத்: கடலோரத்தில் ஒரு சனிக்கிழமைக் கால்பந்து

இங்கிலாந்தில் உச்சக் கால்பந்துப் பிரிவான பிரீமியர் லீக்கையும் அதற்கு அடுத்த மூன்று பிரிவுகளையும் சேர்த்து 92 கிளப்புகள் உள்ளன. அவற்றுக்குக் கீழே படிப்படியாக இறங்கிச் செல்லும் கிளப்புகள் அனைத்தையும் அந்நாட்டினர் நான்-லீக் என்ற ஒரே பெயரில் அழைக்கின்றனர். அந்தக் கீழ்ப்படிகளுள் ஒன்றில், கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையோரத்தில் ஆடிவரும் கிரேட் யார்மத் டவுன் அணியின் ஆட்டத்தைக் காண ஒரு நாளை ஒதுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒதுக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் ஆட்டத்தின் தரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு போக வேண்டாம்.

போக வேண்டியது வெல்லஸ்லி மைதானத்தின் மரத்தாலான பார்வையாளர் மாடத்துக்காக. 1892இல் கட்டப்பட்ட இம்மாடம், இன்றும் பயன்பாட்டில் உள்ள கால்பந்து மாடங்களுள் உலகிலேயே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. பாரம்பரியக் கட்டடமாக அரசுப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. கிளப் தொடங்கப்பட்டதே 1897இல்தான் என்பதால், அணியைவிட அதன் ரசிகர்கள் அமரும் இடத்துக்கு வயது அதிகம். பெரிய மைதானங்கள் பலவும் பழைய மாடங்களை இடித்துவிட்டுக் காங்கிரீட்டுக்கும் இரும்புக்கும் மாறிவிட்ட நிலையில், விக்டோரியா காலத்து மர மாடத்தில் அமர்ந்து, எதிரணிக் கோல் கீப்பரைக் கேலி செய்யும் உள்ளூர்ப் பெரியவர்களின் குரலைக் கேட்டபடி ஆட்டம் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

குறை ஒன்றும் உண்டு. ஆடுகளத்தைச் சுற்றித் தடகள வீரர்களுக்கான ஓடுதளம் அமைந்திருப்பதால், பார்வையாளருக்கும் பந்துக்கும் இடையே கணிசமான தூரம் விழுந்துவிடுகிறது. வீரர்களின் மூச்சிரைப்பும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதும் காதில் விழும் அளவுக்கு வேலியோடு ஒட்டி நிற்பதே நான்-லீக் ஆட்டத்தின் பெரும் இன்பம். அதை இங்கே முழுமையாக எதிர்பார்க்க இயலாது. இடைவெளியை விரும்பாதவர்கள் வேறு கடற்கரை ஊர்களின் கிளப்புகளைத் தேடுவது நல்லது.

மற்றபடி இந்த நிலை ஆட்டங்களுக்குரிய சுதந்திரம் குறைவின்றிக் கிடைக்கிறது. இரு அணி ரசிகர்களையும் பிரித்து வைக்கும் தடுப்புகள் இல்லை. தம் அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குகிறதோ அதன் பின்னால் நிற்க விரும்புவோர், இடைவேளையில் மறுமுனைக்கு நடந்து போகலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டம், மேல்நிலை ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதைத் தடை செய்கிறது. அந்தத் தடை இவ்வளவு கீழே எட்டுவதில்லை. அனுமதிக் கட்டணமும் பெரிய கிளப்புகளின் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான்.

கிளப்பின் பழைய பெருமையை அறிந்து செல்வது ஆட்டத்துக்குச் சுவை கூட்டும். 1935இல் வட்டார லீக்கான ஈஸ்டர்ன் கவுண்டீஸ் லீக்கைத் தொடங்கிய அணிகளுள் இதுவும் ஒன்று. 1952–53 எஃப்.ஏ. கோப்பையின் (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் கோப்பைப் போட்டி) முதல் சுற்றில் இந்த அணி லண்டனின் கிரிஸ்டல் பேலஸை ஒரு கோலால் வீழ்த்தியபோது கூடிய 8,944 பேரே இம்மைதானத்தின் உச்ச வருகை. இன்றைய கூட்டத்தோடு அந்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் யாருக்கும் மலைப்பு ஏற்படும்.

அணியின் பட்டப்பெயரான புளோட்டர்ஸ், குடல் நீக்காமல் புகையிட்டுப் பதப்படுத்தும் ஹெர்ரிங் மீனிலிருந்து வந்தது. ஒருகாலத்தில் அம்மீனை நம்பியே இந்த ஊர் வாழ்ந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஸ்காட்லாந்துப் படகுகளும், மீனை அறுத்துச் சுத்தம் செய்யும் பெண்களும் இங்கு வந்து குவிந்தனர். பழைய மீன் பதனிடும் ஆலை ஒன்றிலேயே இயங்கும் டைம் அண்ட் டைட் அருங்காட்சியகத்தில் அந்த வரலாற்றைக் காணலாம். ஆட்டம் வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குவதால், முற்பகலை அங்கே செலவிட்டு, சந்தைக் கடைகளில் வினிகர் தெளித்த சிப்ஸ் (சூடாகப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள்) வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு நடப்பதே சரியான வரிசை. கடற்கரை மைதானத்துக்கு வெகு அருகில்; அங்கிருந்து பார்த்தால் ஸ்க்ரோபி மணல்திட்டில் நிற்கும் 30 காற்றாலைகளும் தெரியும். கடற்கரையோரக் கேளிக்கைக் கூடங்களின் இரைச்சல் எனக்கு ஒவ்வாதது. குழந்தைகளோடு செல்பவர்கள் மாறாக எண்ணக்கூடும்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நாரிச்சுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், அங்கிருந்து யார்மத்துக்கு அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகவும் ரயிலில் ஆகும். பெரும்பாலான வண்டிகள் ஏக்கல் வழியாகச் செல்கின்றன. ரீடம் வழியாகச் செல்லும் சில வண்டிகளில் ஒன்று வாய்த்தால் விடவேண்டாம். சாலைத் தொடர்பே இல்லாத பெர்னி ஆர்ம்ஸ் நிறுத்தத்தையும், அதைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தையும் கடந்து செல்லும் அந்தப் பாதை, பயணத்தின் மிக அழகிய பகுதி.

ஆகஸ்ட் மாதமே செல்வதற்கு ஏற்றது. குளிர்காலத்தில் வட கடலிலிருந்து வீசும் காற்று பார்வையாளரையும் வாட்டும், உயர்த்தி அடித்த பந்தையும் திசைமாற்றும். மழைக்காலத்தில் களத்தில் நீர் தேங்கினால், ஆட்டத்தன்று காலையில்கூட நடுவர் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக்கூடும். ஏதேனும் ஓர் அணி கோப்பைப் போட்டியில் முன்னேறினாலும் லீக் ஆட்டத்தின் தேதி மாறும். எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்ற முடியாத ரயில் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்னதாக வாங்கிவிடாமல், புறப்படும் காலையில் கிளப்பின் அறிவிப்பைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.