எம்சிஎல்லா, வாக்டிராப்பா? மாங்காய் வண்டிக்கு எது சரிப்பட்டது

காவேரிப்பட்டணத்தில் மண்டி வைத்திருக்கும் மாமா, போன சீசனுக்கு முன்னாடி ரெண்டு வருஷ பில் புத்தகத்தைக் கையில் திணித்து, "எந்தெந்த ஊரை ஒரே வண்டியில போடலாம், உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு மாப்ளே" என்றார். சுமார் 140 ஊர். ஊருக்கு ஒரு புள்ளி, ரெண்டு ஊர்க் காய் ஒரே லோடில் எத்தனை தடவை வந்ததோ அதுதான் நடுவிலுள்ள கோட்டின் கனம்.

இப்படிப் புள்ளியும் கோடுமாக இருக்கும் வலையை (கிராஃப்) நெருக்கமான கூட்டங்களாகப் பிரிக்க எம்சிஎல், வாக்டிராப் என்று ரெண்டு முறையை ஓட்டிப் பார்த்தேன். ரெண்டுக்கும் அடிப்படை ரேண்டம் வாக், அதாவது குருட்டாம்போக்கு நடைதான். போக்கிடமில்லாத ஒருத்தன் கோட்டின் கனத்துக்குத் தக்கபடி ஊர் ஊராகத் தாவுகிறான்; நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் ஊர்களுக்குள் போய்விட்டால் சீக்கிரம் வெளியே வரமாட்டான்.

ஸ்டைன் வான் டோங்கன் 2000இல் முனைவர் பட்ட ஆய்வில் கொடுத்த எம்சிஎல், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குத் தாவ எவ்வளவு வாய்ப்பு என்ற அட்டவணையை (மேட்ரிக்ஸ்) அதனோடேயே பெருக்கி நடையை நீட்டும், அப்புறம் இன்ஃப்ளேஷன் என்று நாம் வைக்கும் எண் 2 என்றால் ஒவ்வொரு எண்ணையும் வர்க்கமாக்கி, கூட்டினால் 1 வரும்படி சரிசெய்யும். 0.6, 0.3, 0.1 என்றிருந்தது ஒரே சுற்றில் 0.78, 0.20, 0.02 ஆகிவிடும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய வழி கொழுக்கும், சின்னது செத்துப்போகும்; மிஞ்சுவதுதான் கூட்டங்கள். அழகான யோசனை, மறுக்கவில்லை.

போன்ஸும் லாட்டாபியும் 2005இல் வெளியிட்ட வாக்டிராப் வேறு மாதிரி. ஐகிராஃப் என்ற மென்பொருளில் அடிக்கணக்கு சொல்லாவிட்டால் 4 அடிதான் நடக்கும். ரொம்ப நடக்கவிட்டால் எங்கே கிளம்பினான் என்பதே மறந்துபோய், எல்லாரும் பெரிய ஊர்ப்பக்கமே வந்து நிற்பார்கள். குறுநடையில் ஒரே மாதிரி இடங்களுக்குப் போய்ச்சேரும் ஊர்களை நெருக்கமானவை என்று எடுத்து, படிப்படியாகச் சேர்த்து, வம்சாவளிப் படம் மாதிரி ஒரு மரம் கட்டும்.

எனக்கு அந்த மரம்தான் முக்கியமாகப் போச்சு. முதலில் மாடுலாரிட்டி (பிரிவு எவ்வளவு நல்லது என்பதற்கான மதிப்பெண்) சொன்ன இடத்தில் வெட்டினேன், 5 கூட்டம். மாமா பார்த்துவிட்டு, பர்கூர்ப் பக்கம் ஒரே வண்டி தாங்காது, இன்னொன்று வேணும் என்றார். மரத்தில் ஒரு படி கீழே வெட்டினேன். ஒரு கூட்டம் ரெண்டானது, மற்ற நாலும் அசையவில்லை. நல்ல நேரம், பிரிந்ததும் பர்கூர்ப் பக்கம்தான்.

இதையே எம்சிஎல்லில் கேட்டால் இன்ஃப்ளேஷனை மாற்றி முதலிலிருந்து ஓட்டணும். 2 வைத்தால் 19 கூட்டம், பாதி ஒற்றை ஊர். 1.4 வைத்தால் 4. நடுவே 1.5க்கு 7 வந்தது, ஆனால் போச்சம்பள்ளியோடு இருந்த மூன்று ஊர் சம்பந்தமே இல்லாமல் மத்தூர்ப் பக்கம் தாவியிருந்தது. ஒரு ஓட்டத்தின் கூட்டம் அடுத்ததற்குள் அப்படியே அடங்கும் என்று எம்சிஎல் வாக்குக் கொடுப்பதில்லை. டிரைவரிடம் இன்றைக்கு ஒரு ரூட், நாளைக்கு ஒரு ரூட் என்று யார் போய்ச் சொல்வது?

ஆனால் என்னுடையது சின்ன கிராஃப். வாக்டிராப்புக்கு வேண்டிய கம்ப்யூட்டர் நினைவகம் புள்ளி எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏறும், கோட்டின் திசையையும் அது பார்க்காது. எம்சிஎல் சின்ன எண்களை வெட்டிக்கொண்டே போவதால் பெரிய புரதக் கிராஃப்களில் நெடுநாளாகப் புழங்குகிறது. அந்த அளவில் நான் எதையும் ஓட்டியதில்லை, அங்கே என் பேச்சை நம்ப வேண்டாம்.

இந்த சீசனுக்கு மாமா 7 வண்டி கேட்டிருக்கிறார். பழைய மரமே இருக்கிறது, இன்னும் ஒரு படி கீழே வெட்டணும், அவ்வளவுதான்.