வாஷர் வெட்டும் பஞ்ச்: பல வருடம் அடித்துப் பார்த்ததில்

மேலூர்ப் பக்கம் பம்புசெட், ஆயில் என்ஜின் வேலை பார்க்கிறவன் கடை வாஷரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. பழைய ஃபுட்வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வால்வு) தோல், ஃபிளேஞ்சுக்கு (குழாய்களைப் போல்ட்டு போட்டு இணைக்கும் வளையம்) ரப்பர், என்ஜினுக்கு இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் சீட், எல்லாமே ஆளுக்கொரு அளவு. அதனால் என் பட்டறையில் சுத்தியலுக்கு அடுத்தபடி அதிகம் புழங்குவது ஹாலோ பஞ்ச்தான், அதாவது வாய் கூராக இருக்கும், சுத்தியலால் அடித்து வட்டமாக வெட்டும் குழாய் மாதிரி உளி.

மதுரை டவுனில் பெட்டியோடு விற்கும் மலிவு செட்டில் அளவுகள் வரிசையாக இருக்கும், பார்க்க அழகு. மெல்லிய கேஸ்கட் சீட்டுக்குச் சரி. தடித்த தோலில் நாலு அடி விழுந்தால் வாய் மடங்கிவிடுகிறது. அந்தப் பணத்துக்கு, அடிக்கடி தேவைப்படும் இரண்டு மூன்று அளவை மட்டும் நல்ல உருக்கில் தனித்தனியாக வாங்கலாம். பழைய லாரி ஆக்சிலில் லேத்காரரிடம் கடைந்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து வாங்கிய ஒன்று இன்னும் என்னிடம் உழைக்கிறது.

வாங்கும்போது விலையைவிட வாயைப் பாருங்கள். கூர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதுதான் விஷயம். நமக்கு வேண்டியது உள்ளே விழும் வட்டு. அதற்குச் சரிவு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்சுவர் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் வட்டு சொன்ன அளவில், நேர் விளிம்போடு வரும். வேண்டியது ஓட்டை என்றால் கதை தலைகீழ்.  வட்டு வெட்டும் பஞ்சுக்குச் சாணை பிடிப்பதும் வெளிப்பக்கம் மட்டுமே. உள்ளே அரம் போட்டால் வட்டு பெருத்துவிடும்.

அப்புறம், வாய்க்குச் சற்று மேலே உள்துளை கொஞ்சம் அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரை ஒரே அளவாக இருந்தால் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக்கொள்ளும், கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கும் பஞ்சில் இந்தத் தொல்லை குறைவு.

அடியில் வைக்கும் கட்டையும் பஞ்சுக்குச் சமம். கறிக்கடையில் போடுவதுபோலப் புளியங்கட்டையைக் குறுக்கே அறுத்து, நார் மேல்நோக்கி நிற்கும்படி வைத்திருக்கிறேன். கூர் நாருக்கு நடுவே இறங்குகிறது, சீக்கிரம் மழுங்குவதில்லை. சிமெண்டுத் தரையில் ஒரே ஒரு அடி போதும், கூர் போய்விடும்.

சுத்தியல் கொஞ்சம் சாய்ந்தாலும் வட்டின் விளிம்பு சாயும். ஒரே அளவில் நிறைய வெட்ட வேண்டுமென்றால் கைப்பிரஸ்ஸில் அழுத்துங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தடித்த ரப்பரில் எதை வைத்து வெட்டினாலும் விளிம்பு நடுவில் குழியும். பஞ்சின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவினால் பாதி சரியாகும். ட்ரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ஹோல்சா பக்கம் போகவே வேண்டாம். நடுவில் தேவையில்லாத ஓட்டை, சுற்றிலும் பிசிறு.

கேஸ்கட் சீட் வாங்கும்போது கல்நார் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். ஆனால் கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

தெருக் கைப்பம்பின் பக்கெட் வாஷரை மட்டும் இதில் வெட்டப் பார்க்காதீர்கள். அது தட்டை வட்டு இல்லை, கிண்ணம் மாதிரி வார்த்தது. இந்தியா மார்க் 2 என்ற வகைக் கைப்பம்பின் சிலிண்டருக்கு 63.5 மி.மீ. அளவில் நைட்ரைல் ரப்பரில் தயாராகவே கிடைக்கிறது, வாங்கிப் போட்டுவிடுங்கள்.