ஒரு ஆணி, ஏழு பஞ்சர்: காரைக்குடி பக்கம் தனியாகக் காரில் வருகிறவர்கள் கவனத்துக்கு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் போன தை மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் பார்க்கக் கொடுத்தால் சக்கரத்தை விட்டு ஓரடிகூட நகராதீர்கள். டீ குடிக்கப் போகாதீர்கள், போன் பேசவும் தள்ளிப் போகாதீர்கள். நான் போனேன். திரும்பி வருவதற்குள் ஒரு ஓட்டை ஏழாகியிருந்தது.

நான் கிளம்பியது பிரான்மலை ஏறுவதற்கு. சிங்கம்புணரிக்குப் பக்கத்தில், பாரி ஆண்ட பறம்பு மலை என்று சொல்கிறார்களே, அந்த மலைதான். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் இருக்கிறது. உச்சியில் ஒரு தர்கா. உயரம் இரண்டாயிரம் அடிக்கு மேல். எங்கள் அப்பத்தாவுக்குத் தேவகோட்டை. சின்ன வயதில் திண்டுக்கல் பஸ்ஸில் போகும்போது அப்பத்தா ஜன்னல் வழியாக அந்த மலையைக் காட்டி, "நீ பெரியவளானதும் ஏறு ஆத்தா, என்னால முடியாது" என்று சொல்லும். நாற்பது வயது தாண்டித்தான் அதற்கு நேரம் கிடைத்தது. ஆறு மாதமாகக் காலையில் நடந்து பழகி, முழங்காலைத் தயார் செய்துகொண்டு புறப்பட்டேன்.

விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கினால் வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் உச்சி போய்த் திரும்பிவிடலாம். மேலே போகப் போக நிழல் குறைவு, பாறை சூடேறிவிடும் என்று ஏறிவந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் நாளே காரைக்குடி வந்து தங்கி, மறுநாள் காலை நாலு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். அங்கிருந்து மலைக்கு 50 கி.மீ. அளவில் இருக்கும்.

சென்னையிலிருந்து காரைக்குடி சுமார் 400 கி.மீ. காலை நாலரைக்கே தாம்பரத்தைத் தாண்டிவிட்டேன். மதியச் சாப்பாடு காரைக்குடியில் என்று கணக்குப் போட்டிருந்தேன். விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதைக் கடக்கவே இரண்டு மணி நேரம் போயிற்று. அப்புறம் திருச்சிக்கு முன்னால் இரண்டு இடத்தில் பாலம் வேலை, மாற்றுப் பாதை. திருச்சியில் சாப்பிட்டு எழுந்தபோது மூன்றரை மணி. திருமயம் கோட்டை கண்ணில் பட்டபோது ஐந்தைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மணி நேரமாகத் தனியாக ஓட்டி வந்த களைப்பு. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றம் வேறு. மற்ற நாளாக இருந்தால் இறங்கி நின்று நிதானமாகப் பார்த்திருப்பேன்.

திருமயம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து, பின் சக்கரத்தைக் கையால் காட்டிவிட்டுப் போனார். இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயரில் காற்று இறங்கியிருந்தது உண்மைதான். முன்னாலேயே ஒரு பஞ்சர் கடை. அந்தப் பைக்காரர் கடைக்கு வேண்டிய ஆளா என்று எனக்குத் தெரியாது, அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். என் டயரில் ஆணி ஒன்று நிஜமாகவே இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன்.

கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஆணி இருந்த இடத்தில் குமிழி வந்தது. "ஒண்ணுதான் மேடம், அஞ்சு நிமிசம். அந்தக் கடைல டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். நானும் நம்பிப் போனேன். டீயை வாங்கிக்கொண்டு, தங்கப் போகிற இடத்துக்குப் போன் செய்து, வரத் தாமதமாகும் என்று சொன்னேன். "வாங்க மேடம், ரூம் இருக்கு" என்றார்கள். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தால் டயரில் சாக்பீஸால் ஆறு வட்டம் போட்டு வைத்திருந்தார். "பாருங்க மேடம், எல்லா இடத்துலயும் காத்து போகுது. ரோட்டு வேலை நடக்குற இடத்துல வந்திருப்பீக. கம்பித்துண்டு ஏறியிருக்கும்." சோப்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். குமிழி வந்தது. நான் அன்று உண்மையில் பாலம் வேலை நடந்த இடங்கள் வழியாகத்தான் வந்திருந்தேன். அதனால் அந்தப் பேச்சு அப்படியே மனதில் பொருந்திவிட்டது. ஒரு பஞ்சருக்கு 200 ரூபாய், ஏழுக்கு 1,400. ஆறும் நியாயமாகத்தான் ஒட்டப்படுகின்றன என்று நினைத்துக்கொண்டு, பிசின் தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோர்த்து ஒவ்வொன்றாக அவர் உள்ளே குத்தி இறக்குவதை நின்று பார்த்தேன். பணத்தைப் போனில் அனுப்பினேன். திரையில் வந்த பெயர் யாருடையதோ. பில் கேட்டதற்கு, "பஞ்சருக்கு யாரு மேடம் பில்லு தர்றா?" என்றார்.

ஸ்டெப்னி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் காற்றும் குறைவு, பக்கமெல்லாம் வெடிப்பு. டயரின் ஓரத்தில் நாலு எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று தயாரித்த காலத்தைச் சொல்லும். என் ஸ்டெப்னியில் 2316 என்று இருந்தது. 2016-இல் 23-ஆவது வாரம். கிளம்பும் முன் நாலு டயரையும் பார்த்தவள் ஐந்தாவதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கானாடுகாத்தான் தாண்டி, காரைக்குடிக்குள் நுழைந்து, வழி விசாரித்து அந்தத் தங்குமிடத்தை அடையும்போது எட்டு மணி. பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதியை அறைகளாக்கி விடுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண் என்று படமெல்லாம் அனுப்பி 1,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். போய் நின்றால், "ஆறு மணிக்குள்ள வரலைன்னா ரூம் கேன்சல் மேடம்." ஆறு மணிக் கதையை அதுவரை யாரும் சொல்லவில்லை. ஐந்தரைக்கு நான் பேசியதைச் சொன்னேன். பேசியவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். முகூர்த்த நாள், உள்ளே கல்யாண வீட்டுக்காரர்கள் பெட்டிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய அறையை அவர்களுக்குக் கூடுதல் விலைக்கு விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். முன்பணத்தைக் கேட்டால், "அடுத்த தடவை வரும்போது கழிச்சுக்கலாம்" என்று பதில். தனியாக வந்த ஒரு பெண் ராத்திரி எட்டு மணிக்கு எங்கே போவாள் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாலு லாட்ஜ் ஏறி இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றில் 1,400 ரூபாய்க்கு அறை கிடைத்தபோது பத்தரை. படுத்தபோது பன்னிரண்டு.

காலை நாலு மணிக்கு இறங்கி வந்தால் அதே டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. லாட்ஜ் காவலாளி அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டே ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். பணம் நீட்டியும் வாங்கவில்லை. அந்த வெடித்த ஸ்டெப்னியை நம்பி இருட்டில் 50 கி.மீ. தனியாகப் போகத் துணிவு வரவில்லை. எட்டரை மணிக்கு டயர் கடை திறக்கும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

டயர் கடைக்காரர் அறுபது வயதுக்காரர். டயரை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு திரியாக விரலால் தடவினார். "எங்கிட்டு ஆத்தா பஞ்சர் பார்த்தீக?" என்றார். சொன்னேன். தன்னிடமிருந்த ஊசியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆங்கில T எழுத்து மாதிரி பிடி போட்ட, திருகுத் திருகாக முனை உள்ள ஊசி. ஓட்டையை அகலப்படுத்த அதைத்தான் முதலில் விடுவார்கள். அதை டயரிலிருந்து திரி உருவிய ஓட்டைகளில் ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினார். "ஆணி இருந்த ஓட்டை இது. கோணலாப் போயிருக்கு, உள்ளுக்குள்ள துரு இருக்கு பாருங்க. மத்த ஆறும் நேர்குத்தா, ஒரே அளவு. ரோட்ல கிடக்குற கம்பி இப்படி எண்ணி வச்சாப்புல குத்தாது." ஆறில் ஒன்று டயரின் பக்கவாட்டில் இருந்தது. பக்கவாட்டில் ஓட்டை விழுந்தால் ஒட்டவே கூடாதாம். அந்த இடம்தான் ஓடும்போது மடங்கி விரியும், திரி நிற்காது. அது வழியாகத்தான் ராத்திரி காற்று இறங்கியிருந்தது. வேகமாகப் போகும்போது திடீரென்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புது டயர் 4,600 ரூபாய், பில்லோடு.

அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். சோப்பு நுரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டயர் பள்ளத்தில் ஷாம்பு தடவியிருந்தாலும் நுரை வரும். நுரையைத் துடைத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உண்மையான ஓட்டையில் அதே இடத்திலிருந்து குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஒரு பஞ்சர் ஒட்டியதும் காற்றை உங்கள் காருக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றி, அளவைக் குறித்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். அளவும் குறையாமல், வெறும் தண்ணீரிலும் குமிழி வராமல் இருந்தால், வேகமாகக் காற்று இறங்கும் வேறு ஓட்டை இல்லை என்று எடுத்துக்கொண்டு கிளம்பலாம், கடைக்காரர் என்ன வட்டம் போட்டுக் காட்டினாலும் சரி. மிக மெதுவாக இறங்குவது அதற்குள் தெரியாமல் போகலாம், அதனால் போய்ச் சேர்ந்ததும் அளவை மறுபடி பாருங்கள். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே டயரைச் சுற்றிப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வீடியோ எடுப்பவரிடம் இந்த வேலையைக் காட்டுவது கஷ்டம் என்று அந்தப் பெரியவரே சொன்னார். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன கம்ப்ரஸர் இப்போது என் காரில் இருக்கிறது. மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சராக இருந்தால், அதை வைத்து நிரப்பி நிரப்பி ஊர் வரைக்கும் வந்துவிடலாம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033 என்ற எண் இருக்கிறது, எந்த நேரமும் அழைக்கலாம். எனக்கு அது தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. எண்ணை எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பிரான்மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பூ விற்ற அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்கள். "இந்நேரத்துக்கு ஒத்தையில ஏறாத ஆத்தா. பாறை கொதிக்கும். மயங்கி விழுந்தா பாக்க ஆளில்ல." ராத்திரி நாலு மணி நேரம்கூடத் தூங்காத உடம்பு. அவர்கள் சொன்னது சரி. நடை சாத்துவதற்குள் கோயிலுக்குள் போனேன். கீழே கொடுங்குன்றநாதர், நடுவில் விசுவநாதர், மேலே மங்கைபாகர். மூன்று சந்நிதியையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கழுத்து வலிக்கும்வரை உச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பத்தா காட்டிய மலை அங்கேயேதான் இருக்கிறது. மறுநாளும் விடுப்பு இல்லாததால் அன்றே சென்னை திரும்ப வேண்டியிருந்தது.

தங்குமிடத்தின் மேல் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, ஐந்தரைக்கு நான் பேசியதைக் காட்டும் அழைப்புப் பட்டியல், அவர்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் வைத்திருந்ததால் அது முடிந்தது. அறைக்கு முன்பணம் அனுப்புகிறவர்கள், எத்தனை மணிக்குள் வர வேண்டும், தாமதமானால் என்ன, பணம் திரும்ப வருமா என்று மூன்றையும் செய்தியாகவே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பஞ்சர் கடையைப் பற்றிப் புகார் கொடுக்க என்னிடம் பில் இல்லை.

மழை விட்டு, மார்கழியில் மறுபடியும் போகிறேன். இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, திருச்சியில் ஓர் இரவு தங்கிவிட்டு. தை முதல் வைகாசி வரை அந்தப் பக்கம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் காரில் போகிறவர்கள் அதிகம். உங்கள் வீட்டில் யாராவது தனியாகக் கிளம்பினால், அந்தச் சக்கரத்து விஷயத்தை மட்டுமாவது அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.