1968 பாண்டியாக் ஜிடிஓ: நின்றால் சூடாகும் எஞ்சினுடன் சில கோடைகள்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். அந்த வெயிலில், 400 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட 1968 பாண்டியாக் ஜிடிஓ என்ற அமெரிக்கக் காரைச் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வாங்கிய புதிதில், நெடுஞ்சாலையில் அசையாத வெப்பமானி முள், சிக்னலில் நின்றதும் மெல்ல ஏறி 110 டிகிரியை நெருங்கும்.

நோயைக் கண்டுபிடிக்க இந்த வேறுபாடே பாதி உதவி செய்தது. வண்டி ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது. நிற்கும்போது விசிறி இழுத்துத் தருவதுதான் காற்று. எனவே வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டரின் திறனையும் தண்ணீரோட்டத்தையும், ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) சூடேறினால் விசிறியையும் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) முதலில் பார்க்க வேண்டும். ஆனால் பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கிப் போடுங்கள் என்பதே கிடைத்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை. அதை முந்தைய உரிமையாளரே பொருத்தி வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை.

தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்துப் பார்த்ததில் டாஷ்போர்டு முள் பொய் சொல்லவில்லை என்பது உறுதியானது. ரேடியேட்டரின் முகப்பில் குளிர்ந்த திட்டுகள் எதுவும் இல்லாததால் அடைப்பு என்ற சந்தேகமும் நீங்கியது. மிச்சம் இருந்தது விசிறி. விசிறியைச் சுற்றி நின்று, காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் உறையான ஷ்ரவுட் கழற்றப்பட்டிருந்தது, வளையும் இதழ்கள் கொண்ட மலிவான விசிறி ஒன்று ரேடியேட்டரிலிருந்து எட்டவே சுழன்றுகொண்டிருந்தது. ஷ்ரவுட்டையும் வெப்பத்துக்கேற்ப இறுகும் கிளட்ச் விசிறியையும், இதழ்களின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்குமாறு பொருத்தியதும், சூடு 100 டிகிரி அளவில் நின்றது.

எஞ்சிய சூட்டுக்குக் காரணம், தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தது. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் (வேக்கம்) பொறியை முன்னதாக விழ வைக்கும் அதன் வேக்கம் அட்வான்ஸ் குழாய், கார்புரேட்டரில் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டுக்கு மேலுள்ள துளையோடு இணைக்கப்பட்டிருந்ததால், தகடு மூடியிருக்கும் ஐடிலிங்கில் அதற்கு வேக்கமே கிடைக்கவில்லை. 1968 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் நடைமுறைக்கு வந்த புகை விதிகளின் காலத்தில் இவ்வகை இணைப்பு பரவலாக இருந்தது. பொறி தாமதமாக விழும்போது எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீண்டு, சிலிண்டர் ஹெட்டுகள் வழியாகத் தண்ணீரைச் சூடாக்குகிறது. குழாயை நேரடியாக, தகட்டுக்குக் கீழே எப்போதும் கிடைக்கும் மேனிஃபோல்டு வேக்கத்துக்கு மாற்றி, உயர்ந்துவிட்ட ஐடில் வேகத்தைத் திருகில் குறைத்தபின், முள் 90-ஐ ஒட்டியே நிற்கிறது. காசே செலவாகாத இந்த மாற்றத்தைத்தான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிப்பிடுகிறேன். ஆயினும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பெரிதாக உள்ள வண்டிகளில் ஐடில் வேக்கம் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த வேக்கத்திலேயே முழுமையாக இழுக்கும் வேக்கம் அட்வான்ஸ் கேனிஸ்டர் (வேக்கத்தில் இயங்கும் சிறு டப்பா) இல்லையென்றால் எஞ்சின் தடுமாறும்.

பாண்டியாக் வைத்திருப்போருக்கு மட்டும் ஒரு குறிப்பு: வாட்டர் பம்பின் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டுக்கும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் இடைவெளி அதிகமானால், குறைந்த வேகத்தில் தண்ணீரோட்டம் தளரும். பம்ப் மாற்றும்போது, இரண்டும் உரசாத அளவுக்கு அதை நெருக்கிவிடுவது நல்லது.

ஏசி போட்டுக்கொண்டு நெடுநேரம் நெரிசலில் நின்றால் இப்போதும் 98 வரை போகிறது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 15 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் ஏறத்தாழ 129 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் அதைப் பொருட்படுத்துவதில்லை. தேய்வது கிளட்ச் விசிறி மட்டும்தான். சூடான எஞ்சினை அணைத்தபின் கையால் சுழற்றும்போது அது தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் மாற்றிவிடுகிறேன்.