தரங்கம்பாடிக் கோட்டையில் விற்கப்படும் ‘டேனிஷ் காசு’: வாங்கி ஏமாந்தவனின் எச்சரிக்கை

தரங்கம்பாடிக்குச் செல்லவிருக்கும் குடும்பங்களுக்காக, குறிப்பாகப் பழைய நாணயம் சேர்க்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்காக, இதை எழுதுகிறேன். அங்குள்ள டேன்ஸ்போர்க் கோட்டை வாசலில் தாமாக வந்து தம்மை வழிகாட்டி என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் சென்ற மாதம் நாங்கள் 4,100 ரூபாயை இழந்தோம். பணம் போனதைவிட, ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்த இடத்தில் இது நடந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வந்திறங்கி, 1792இல் கட்டப்பட்ட நகர வாசலைக் கடந்து, கடலை நோக்கி நேராகச் செல்லும் ராஜ வீதியில் நடந்து கோட்டையை அடைந்தோம். நுழைவுச்சீட்டு வாங்கித் திரும்பியதும் அந்த நபர் அருகில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை ஒன்று தொங்கியது. அது புரண்டு, எழுத்தில்லாத பக்கமே வெளியே தெரிந்தது. அதைத் திருப்பிக் காட்டுங்கள் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். “முந்நூறு ரூபாய்தான் சார், எல்லாத்தையும் காட்டிடுறேன்” என்றார், சம்மதித்தேன்.

அவர் காட்டியது மிகக் குறைவு. சொன்னதில் பெரும்பகுதி பொய். ஆங்கிலேயர் கட்டிய கோட்டை என்றும், கீழ்த்தளத்திலிருந்து தஞ்சாவூர் வரை சுரங்கப்பாதை போகிறது என்றும் சொன்னார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவ் கெடே என்ற டேனிஷ் கடற்படைத் தலைவர் எழுப்பிய கோட்டை இது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1845இல்தான் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்குப் போயின. இவற்றையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்த என் மகன் தயங்கியபடியே மறுத்துச் சொன்னபோது, “அதெல்லாம் புத்தகத்துல எழுதுறது தம்பி” என்று அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை ஐந்து நிமிடத்தில் கடக்கச் செய்தார். ஏன் அவ்வளவு அவசரம் என்பது பிறகுதான் விளங்கியது.

கடல் பக்க மதிலருகே, வேறு ஆட்கள் இல்லாத இடத்தில், சட்டைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். பச்சை பூத்த நான்கு செப்புக் காசுகள் இருந்தன. ஒரு பக்கம் கிரீடத்தின் கீழ் அரசரின் முத்திரை எழுத்து. மறுபக்கம் ‘காஸ்’ என்ற மதிப்பும் ஆண்டும். சுனாமியின்போது கடல் உள்வாங்கிய இடத்தில் தம் உறவினர் ஒருவர் பொறுக்கியவை என்றார். அந்தக் கடற்கரையில் டேனிஷ் காலத்துக் காசுகள் கிடைப்பது உண்மைதான். அந்த உண்மையின் மேல்தான் இந்தப் பொய் நிற்கிறது. 2004இல் அந்த ஊர் பட்ட பாட்டை அறிந்த எவருக்கும் சுனாமி என்ற சொல்லைக் கேட்டதும் சந்தேகப்பட மனம் வராது. ஒரு காசுக்கு 1,500 ரூபாய் என்று தொடங்கி, என்னிடம் பேசாமல் என் மகன் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தபடியே விலையைக் குறைத்துக்கொண்டு வந்தார். பையனின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. நான்குக்கும் சேர்த்து 3,200 ரூபாய் கொடுத்தேன். வெளியே வந்ததும், பேசிய முந்நூறு ரூபாய் தலைக்கு என்று சொல்லி மூவருக்கும் 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அருகிலிருந்த தேநீர்க் கடை அம்மா, மகன் கையில் இருந்த காசுகளைப் பார்த்துவிட்டு, என்ன விலைக்கு வாங்கினோம் என்று கேட்டார். சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இன்னைக்கு நீங்க மூணாவது ஆளு” என்றார். அந்த ஊர் மக்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வீட்டுக்கு வந்து, நெடுங்காலமாக நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் மகனிடம் கொடுத்து, அவனையே பார்க்கச் சொன்னார். நான்கு காசுகளிலும் கிரீடத்தின் இடப்பக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒரு பள்ளம் இருந்தது. அச்சில் இருக்கும் குறை பல காசுகளில் பதிவது உண்டு. ஆனால் காலத்தால் ஏற்படும் அடியும் தேய்மானமும் இரண்டு காசுகளில் ஒரே மாதிரி அமையாது என்று அவர் விளக்கினார். அந்தக் காலத்துக் காசுகள் அச்சுக்கு நடுவே வைத்துக் கையால் அடிக்கப்பட்டவை என்பதால் ஒவ்வொன்றிலும் உருவம் சற்றே வேறுபட்டு ஒதுங்கியிருக்கும். இவையோ ஒரு காசை மாதிரியாக வைத்து வார்த்தெடுத்தவை. விளிம்பைச் சுற்றிலும் வார்ப்பின் மெல்லிய கோடு ஓடியது, பரப்பில் ஊசிமுனை அளவில் குழிகள் இருந்தன. ஈரத் துணியால் துடைத்ததும் பச்சை துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தான்.

இன்னொன்றையும் அந்த நண்பர்தான் சொன்னார். பலரும் இதை அறியாமல் இருக்கலாம். காசு உண்மையானதாகவே இருந்தாலும் நாங்கள் வாங்கியது தவறுதான். நூறாண்டுக்குக் குறையாத பழமை உள்ள நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்யக் கூடாது. மண்ணில் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கண்டெடுக்கப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. ஆகவே, கோட்டை மதிலருகே துணி முடிச்சிலிருந்து வரும் காசு போலியாக இருந்தால் பணம் போகிறது. உண்மையாக இருந்தால் சட்டத்தை மீறிய விற்பனையில் நாமும் பங்காளியாகிறோம்.

அங்கே செல்பவர்கள் வழிகாட்டி வேண்டுமென்றால் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். கட்டணம் குடும்பத்துக்கா, தலைக்கா என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே வாய்விட்டுப் பேசி முடியுங்கள். அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்கி நிதானமாகப் பாருங்கள். எவர் அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள்.

காசுகளின் இரு பக்கப் படங்களையும் இணைத்து எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். கோட்டையில் இதேபோல் காசு வாங்கியவர்கள் தயவுசெய்து அதை எடுத்து, கிரீடத்தின் இடப்பக்கத்தை ஒரு முறை பாருங்கள். அதே பள்ளம் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள்.